எண்ணூர் கழிமுகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது புகைபோக்கி, நிலக்கரி, எண்ணெய்க் கசிவு. அங்கே ஒரு பெரிய ஆறு கடலில் சேர்கிறது என்பதும், அந்த இடத்தை நம்பிப் பல தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன என்பதும் சென்னைக்குள் இருப்பவர்களுக்கே அவ்வளவாகத் தெரிவதில்லை. எண்ணூர் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எண்ணூர் கழிமுகம் சரியாக எங்கே இருக்கிறது?

சென்னையின் வடக்கு முனையில். திருவொற்றியூரைத் தாண்டி, எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாகக் கடலோரமாகவே போனால் சாலை ஒரு பாலத்தில் ஏறும். பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம், அதாவது கொசஸ்தலை ஆறு வங்கக் கடலில் சேரும் வாய். மேற்கே அத்திப்பட்டு, வல்லூர் வரை பரந்துகிடக்கும் நீர்ப்பரப்பும் சதுப்பும் உப்பளங்களும். வடக்கே காட்டுப்பள்ளி. தெற்குக் கரையிலுள்ள கத்திவாக்கம் 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வடகரை திருவள்ளூர் மாவட்டம். ஒரே கழிமுகத்தை இப்படி இரண்டு நிர்வாகங்கள் பங்கு போட்டுக்கொண்டிருப்பதும் இந்தக் கதையில் ஒரு சிக்கல்தான்.

அது ஆறா, ஏரியா, கடலா?

மூன்றும் கலந்த இடம். ஆற்றுத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. கடல் தண்ணீர் கிழக்கிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. வடக்கிலும் தெற்கிலும் பக்கிங்காம் கால்வாய் வந்து சேர்கிறது. வடக்குக் கிளை காட்டுப்பள்ளித் தீவை ஒட்டியே போய்ப் பழவேற்காடு ஏரியைத் தொடும். அதனால் எண்ணூரையும் பழவேற்காட்டையும் இரண்டு தனித்தனி இடங்களாகப் பார்ப்பதே தவறு. தண்ணீருக்கும் இறாலுக்கும் அது ஒரே பரப்புதான்.

கொசஸ்தலை, சென்னைப் பகுதியின் மூன்று ஆறுகளிலும் பெரியது. கூவம், அடையாறு பெயர்கள்தான் எல்லோர் வாயிலும் வரும். ஆனால் சுமார் 136 கிலோமீட்டர் ஓடி, நகரி ஆற்றின் வெள்ளத்தையும் சேர்த்துக்கொண்டு, பூண்டி, தாமரைப்பாக்கம், வல்லூர் எல்லாம் கடந்து வருவது கொசஸ்தலை. இந்த ஆற்றுப் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 15 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்த இடம். அவ்வளவு காலமாக மனிதர்கள் அண்டி வாழ்ந்த ஓர் ஆற்றின் கடைசி சில கிலோமீட்டரை நாம் என்ன செய்திருக்கிறோம் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது?

மீன், உப்பு, படகு. இந்த மூன்றும்தான் எண்ணூர்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் கோட்டையிலிருந்து காற்று வாங்க வரும் ஊராக இருந்தது. தண்ணீர் ஓரமாக வீடு கட்டிக்கொண்டு படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-ன் தொடக்கத்திலும் மெட்ராஸ்காரர்களுக்கு எண்ணூர் என்றால் ஓய்வுக்கான ஊர். இன்றைக்கு இதைச் சொன்னால் நம்பத் தயங்குவார்கள்.

உப்பளங்கள் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் விரிந்திருந்தன. கழிமுகத்து நீரை வாய்க்கால் வெட்டிப் பாத்திகளுக்குள் விட்டு, வெயிலில் காயவைத்து, உப்பு வாரினார்கள். மழைக்காலத்தில் அதே நிலம் தண்ணீருக்குள் போய்விடும். ஒரே நிலம் ஆறு மாதம் உப்பு தரும், மழை வந்தால் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், நடுவில் இறால் குஞ்சுகளையும் வளர்த்துவிடும். வருவாய்த் துறைப் பதிவேட்டில் மட்டும் அது தரிசு, புறம்போக்கு. பிறகு நடந்த பல விஷயங்களுக்கு வேர் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. யாருக்கும் பயன்படாத நிலம் என்று காகிதத்தில் எழுதியாகிவிட்டால், அப்புறம் அங்கே எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம் அல்லவா?

பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூருக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கால்வாயின் கதை தொடங்குவதே எண்ணூரில்தான். 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் தூரம் வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டியதால் அப்போது அதற்குக் காக்ரேன் கால்வாய் என்று பெயர். 1837-ல் அரசு எடுத்துக்கொண்டு வடக்கும் தெற்குமாக நீட்டியது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. பட்டினியோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது.

விறகு, உப்பு, கருவாடு எல்லாம் அதில் படகேறி நகரத்துக்கு வந்தன. 1960-களின் புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து படிப்படியாக நின்றது. இப்போது அந்த வழியாக எண்ணூருக்கு வந்து சேருவது பெரும்பாலும் மணலியின் ஆலைக் கழிவும் வடசென்னையின் சாக்கடையும்.

கழிமுகத்தில் மீன்பிடிப்பது கடலில் பிடிப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படை வீதிக்குப்பம் போன்ற ஊர்களுக்குக் கழிமுகம்தான் முதல் வயிறு. கடல் கொந்தளிக்கும் நாட்களில் கூட இங்கே தொழில் உண்டு. மடவை, கொடுவா, கெளுத்தி, பச்சை நண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக இறால். கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் நீரேற்றத்தோடு உள்ளே வந்து, சதுப்பின் ஆழமில்லாத நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். போகும் வழியில் வலை காத்திருக்கும்.

அந்த வலையை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கட்டிவிட முடியாது. அதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குப்பத்துக்கு எந்த நாள், எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒரே ஆளுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் அடிப்படை. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும். எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லாமலே, பொது நீரைப் பங்கிட்டு வாழ்வதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கழிமுகம் சுருங்கும்போது இந்த ஒழுங்குக்கும் நெருக்கடி. பிரித்துக்கொள்ள இடம் இருந்தால்தானே முறை வைப்பது?

வலை வாங்க வசதியில்லாதவர்கள் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இருளர் குடும்பங்களில் பெண்களும் ஆண்களும் செய்யும் தொழில் இது. நீர் வடிந்த நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தபடி நகர்வார்கள். இரண்டு கைகளும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். பனையோலைப் பறியின் வாய்க்கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். விரலுக்குள் இறால் அசைந்த நொடியில் பிடித்துப் பறிக்குள் போடவேண்டும். மணிக்கணக்கில் உப்புநீரில் கிடந்து சம்பாதிக்கும் கூலி அது. இவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை, நிலம் இல்லை. சேற்றில் என்ன கலந்தாலும் முதலில் தெரிவது இவர்கள் விரல்களுக்குத்தான். அதனால்தான் எண்ணூரின் சேதத்தைக் கணக்கிடும்போது இவர்களைக் கடைசியில் எழுதுவது எனக்குப் பொறுக்கவே மாட்டேன் என்கிறது.

தொழிற்சாலைகள் எப்போது வந்தன? ஏன் இங்கே?

சுதந்திரத்துக்குப் பிறகு. அசோக் லேலண்ட் தொடக்கத்திலேயே எண்ணூரில் வேர்விட்டது. 1960-களில் உரத் தொழிற்சாலை வந்தது. அடுத்த வாசலான மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு தொடங்கியது. 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம். அந்தக் காலத்தில் இதெல்லாம் பெருமைக்குரிய விஷயங்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிரந்தர வேலை கிடைத்தது, பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

ஏன் இங்கே என்றால், ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது, நகரமும் துறைமுகமும் கிட்ட, மின்நிலையத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் உண்டு, நிலமோ 'தரிசு'. ஒன்று வந்த பிறகு அடுத்தது வருவது சுலபம். 1994 முதல் வடசென்னை அனல் மின்நிலையம்: முதல் கட்டம் 630 மெகாவாட், அப்புறம் இரண்டாம் கட்டம் 1,200, 2024-ல் மூன்றாம் கட்டம் 800. இடையில் வல்லூரில் 1,500 மெகாவாட். பழைய எண்ணூர் மின்நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிய திட்டம் தயாராகி, 2024 டிசம்பரில் மக்கள் கருத்துக் கேட்புக்கு வந்தபோது எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

சாம்பல் பிரச்சினை என்றால் என்ன?

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பலாகத் திரும்பி வரும். வடசென்னை அனல் மின்நிலையத்தில் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கம் பக்கத்திலுள்ள சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய்கள் போகும் வழி கழிமுகத்தின் மேலேயே. பழைய குழாய் அரித்து ஓட்டை விழும், இணைப்பு பெயரும். வெளியே பீய்ச்சும் சாம்பல் கரைசல் நேராகத் தண்ணீரில் விழும். வருடக்கணக்காக இப்படியே விழுந்து படிந்ததில், பல இடங்களில் ஆற்றின் அடி மேடேறிவிட்டது. முன்பு படகு மிதந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. காலை வைத்தால் கறுப்புச் சேறு வரவேண்டிய இடத்தில் வழவழப்பான சாம்பல் நிறக் குழம்பு வருகிறது. அந்தக் குழம்பில் இறால் தங்குவதில்லை. சாம்பலோடு கன உலோகங்களும் சேர்ந்தே வருகின்றன.

செப்பாக்கம் மக்களின் நிலை இன்னும் மோசம். சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள். கோடையில் காற்று கிளம்பினால் சோற்றுத் தட்டு வரை தூசி வந்துவிடும்.

மின்நிலையத்து வெந்நீரும் கழிமுகத்தில்தான் விடப்படுகிறதா?

ஆமாம். குளிர்விக்கப் பயன்பட்ட நீர் கால்வாய் வழியாக வந்து சேர்கிறது. சூடு ஏறிய தண்ணீரில் உயிர்வாயு குறையும். மீன் அந்த இடத்தைத் தவிர்த்துவிடும்.

முகத்துவாரம் ஏன் அடிக்கடி மண்ணால் அடைபடுகிறது?

நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து முகத்துவாரத்து மணலை உடைத்துத் தள்ளும். கோடையில் மணல் மறுபடி வந்து வாயைக் குறுக்கும். இது இயற்கையாகவே நடப்பது.

இந்தக் கணக்கில் முதல் குறுக்கீடு 1870-களில் கட்டத் தொடங்கிய மெட்ராஸ் துறைமுகம். துறைமுகச் சுவர் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருத்தெருவாக வீடுகள் போயின. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரினா மணலுக்கு வடசென்னை தன் கரையைக் கொடுத்திருக்கிறது என்றே சொல்லலாம். கரையைக் காக்க அங்கங்கே கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம். நகரத்துக்குக் குடிநீர் கிடைத்தது. ஆனால் மணலைத் தள்ள வேண்டிய ஆற்றின் வேகம் குறைந்தது.

மூன்றாவது, முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம். மின்நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவே முதலில் திட்டமிட்டது. 2014 முதல் காமராஜர் துறைமுகம். அதன் தெற்குச் சுவரில் மணல் சேரச்சேர முகத்துவாரத்தின் பக்கமும் மேடு வளர்கிறது. வடக்கே காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் அரிப்பு. கடல்நீர் உள்ளே வராவிட்டால் கழிமுகத்தில் தண்ணீர் தேங்கிக் கெட்டுப்போகும். அப்போது மண்வெட்டியும் கையுமாகக் கூடி மணலை வெட்டி வாய் திறந்துவிடுவது மீனவர்கள்தான்.

கழிமுகத்தையே வரைபடத்திலிருந்து அழித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

நடந்தது இதுதான். 1991-ல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி தமிழ்நாட்டுக் கடற்கரைக்கான வரைபடத்துக்கு ஒன்றிய அரசு 1996-ல் ஒப்புதல் கொடுத்தது. அதில் எண்ணூர்க் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பும் சதுப்பும் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2017-ல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வாங்கப்பட்ட ஆவணங்களில் வேறொரு வரைபடம் வெளிப்பட்டது. அதில் அந்தப் பரப்பு கழிமுகமாகவே காட்டப்படவில்லை. எது செல்லும் என்று பெரிய சண்டை கிளம்பியது. அந்த ஆண்டு அக்டோபரில் நடிகர் கமல்ஹாசன் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நகரத்துச் செய்திகளில் எண்ணூர் கொஞ்சம் இடம் பிடித்தது. குப்பத்து மக்கள் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் தரையில் வேலை நிற்கவில்லை. கப்பல் போகும் வழியைத் தூர்வாரிய மண் சதுப்பில் கொட்டி மேடாக்கப்பட்டது. நிலக்கரிக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, கன்வேயர் என்று ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டது. பிறகு உயரழுத்த மின்கோபுரங்கள் நட ஆற்றுக்குள்ளேயே மண் கொட்டப்பட்டது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் இப்படிப் போய்விட்டதாகச் சூழலியல் செயல்பாட்டாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

இதனால் சென்னை நகரத்துக்கு என்ன நஷ்டம்? மீனவர் பிரச்சினைதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் மீனவர் பிரச்சினை என்று தள்ளிவைத்ததால்தான் நிலைமை இவ்வளவு தூரம் வந்தது.

பூண்டி நிரம்பினால் உபரி நீர் வேறு எங்கும் போகாது, எண்ணூருக்குத்தான் வரும். வடசென்னையின் மழைநீரும் கால்வாய்கள் வழியாக அங்கேதான் போகவேண்டும். புயல் நேரத்தில் கடல் மட்டம் உயர்ந்திருக்கும், முகத்துவாரம் தண்ணீரை உடனே வாங்காது. அந்தச் சில மணி நேரமோ ஒரு நாளோ, வந்த வெள்ளம் எங்காவது தங்கியாக வேண்டும். அது தங்குவதற்கென்றே இருந்தவைதான் இந்தச் சதுப்பும் உப்பளமும். அதை மேடாக்கிவிட்டால் தண்ணீர் வீடுகளுக்குள் தங்கும். 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து நீர் திறந்தபோது மணலி புதுநகர், சடையங்குப்பம் மூழ்கியதை நினைத்துப் பாருங்கள். மழைநீர் வடிகாலுக்காகக் கொசஸ்தலைப் படுகையில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடப்படுகிறது. அத்தனை வடிகாலும் போய்ச் சேரும் இடத்தை அடைத்துவிட்டு வடிகால் கட்டி என்ன பயன்?

இன்னொன்று குடிநீர். மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீர் ஒரு காலத்தில் சென்னைக்கே கைகொடுத்தது. அளவுக்கு மீறி உறிஞ்சியதில் உப்புநீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. 2010-ல் அதே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்து, தினம் 10 கோடி லிட்டர் தயாரிக்கும் நிலைக்கு வந்திருக்கிறோம்.

எண்ணெய்க் கசிவு எத்தனை தடவை நடந்தது?

நகரம் முழுக்கப் பேசிய சம்பவங்கள் இரண்டு. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அப்புறம் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. கடலோரக் காவல் படையினர், கல்லூரி மாணவர்கள், மீனவர்கள் எல்லோரும் வரிசையாகப் பாறைமேல் நின்று பிளாஸ்டிக் வாளியால் அள்ளிக் கை மாற்றினார்கள். ஒரு பெரிய துறைமுகத்தின் வாசலில், விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாட்டில், எண்ணெயை அள்ளக் கிடைத்தது வாளி.

இரண்டாவது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இந்தத் தடவை எண்ணெய் கடலிலிருந்து வரவில்லை, வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள்ளேயே இறங்கியது. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்திச் செடிகளின் வேர் என்று எல்லாவற்றிலும் தார் பூசியது போல ஒட்டிக்கொண்டது. கூழைக்கடாக்கள் சிறகு கறுத்துப் பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அரசு நிவாரணமாக அறிவிக்கப்பட்டது. எண்ணெய் ஏறிய நைலான் வலையைக் கழுவி மீட்க முடியாது, புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

அந்த எண்ணெய் வாடை போகும் முன்பே, டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்தில் மூச்சுத் திணறி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஒரே மாதத்தில் வெள்ளம், எண்ணெய், வாயு.

காக்கா ஆழி என்கிறார்களே, அது என்ன?

கறுப்பு நிறச் சிப்பி. தென் அமெரிக்க, கரீபியக் கரைகளைச் சேர்ந்த இனம். கப்பல்கள் எடைக்காக நிரப்பி வந்து இங்கே கொட்டும் நீரோடு வந்திருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. எண்ணூரிலும் பழவேற்காட்டுப் பக்கமும் அடிமண்ணை மூடி அடை அடையாக வளர்ந்துவிட்டது. இறால் புதையும் சேறு அடியில் போய்விட்டது. உள்ளூர் மட்டி இனங்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஓட்டு விளிம்பு கூர்மையானது, கையால் துழாவுகிறவர்களின் விரலையும் காலையும் கிழிக்கிறது. வலை இழுத்தால் மீனுக்குப் பதில் இதுதான் மூட்டையாக வரும். குழாயைச் சரிசெய்யலாம், எண்ணெயைத் துடைக்கலாம். உயிருள்ள ஒன்று பரவிய பிறகு அதைத் திருப்பி அனுப்புவது கடினம்.

மின்சாரம் எல்லோருக்கும் வேண்டும்தானே? எங்கேயாவது கட்டித்தானே ஆகவேண்டும்?

வேண்டும். எண்ணூர்க்காரர்கள் வீட்டிலும் மின்விசிறி ஓடுகிறது. கேள்வி, ஒரே இடத்தின் தலையில் எவ்வளவு சுமத்துவது என்பது. நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரம், சுத்திகரிப்பு ஆலை, உரம், இரண்டு துறைமுகங்கள் என்று எல்லாம் சில மைல் வட்டத்துக்குள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக ஆய்வறிக்கை எழுதி, இதனால் மட்டும் பெரிய பாதிப்பில்லை என்று அனுமதி வாங்குகிறார்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில்லை. சரி, கட்டியதாவது விதிப்படி ஓடுகிறதா என்றால் ஓட்டைக் குழாயை மாற்றவே பல வருடப் போராட்டம் தேவைப்படுகிறது. வளர்ச்சி வேண்டாம் என்று எண்ணூரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழாயை ஒழுங்காகப் போடு, ஆற்றை ஆறாக விடு என்பதுதான் கோரிக்கை.

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் எந்த நிலையில் இருக்கிறது?

2018-ல் அதானி குழுமம் அந்தத் துறைமுகத்தை வாங்கியது. 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இதில் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் சேரும். காட்டுப்பள்ளி என்பது கடலுக்கும் பழவேற்காட்டு நீர்ப்பரப்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய மணல்திட்டு. அது உடைந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடும் என்பது மீனவர்களின் அச்சம். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அரிப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கரையில் இவ்வளவு பெரிய கட்டுமானம் கூடாது என்றே நானும் நினைக்கிறேன்.

இனிமேல் கழிமுகத்தை மீட்க முடியுமா?

முடியும், நிறையவே. சாம்பல் வழக்கில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் தீர்ப்புச் சொன்னது. படிந்த சாம்பலை அகற்ற வேண்டும், ஆற்றையும் கழிமுகத்தையும் சீரமைக்க வேண்டும், செலவை மாசு செய்தவரே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நிபுணர் குழு என்னென்ன செய்யவேண்டும் என்று விவரமாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது. அலையாத்தி, நீரேற்றம் கிடைத்தால் தானாக முளைக்கும். இறாலும் அப்படித்தான், வாயும் சேறும் சரியாக இருந்தால் கடல் குஞ்சுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஆனால் வரிசை முக்கியம். குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தூர்வாருவதும், ஆலைக் கழிவு இறங்கிக்கொண்டிருக்கும்போது அலையாத்தி நடுவதும் வீண்செலவு. முதலில் கசிவை நிறுத்து, அடுத்து கொட்டிய மண்ணை எடுத்து நீர்வழியைத் திற, அப்புறம் நடு. எங்கே ஆழம், எங்கே அடைப்பு, எந்த மாதம் எந்த நீரோட்டம் என்பதையெல்லாம் குப்பத்துப் பெரியவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். குழுக்களில் அவர்களுக்கு நாற்காலி போடவேண்டும்.

நேரில் போய்ப் பார்க்கலாமா?

கட்டாயம் போங்கள். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயில் ஏறி எண்ணூரில் இறங்கலாம். ரயிலிலேயே தொடர்ந்து போனால் அத்திப்பட்டு வரும் வழியில் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நீர்ப்பரப்பு, உப்பளம், சாம்பல், கோபுரம் எல்லாம் தெரியும். காலை நேரம் நல்லது. மழைக்காலம் முடிந்த பிறகு பூநாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா காணக் கிடைக்கும். முகத்துவாரத்தில் குளிக்க இறங்காதீர்கள், நீர் வடியும் நேரத்தில் இழுப்பு பலமாக இருக்கும். குப்பத்துக்குள் போனால் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் யாரிடமாவது 'அண்ணே, இன்னிக்கு இறால் உண்டா' என்று பேச்சுக் கொடுத்தால் போதும், இங்கே எழுதாமல் விட்ட பாதிக் கதையும் கிடைத்துவிடும். நெட்டுக்குப்பத்தில் காலையில் மீன் வாங்கலாம்.